கணக்குக் கேட்ட ஓவியர்கள்

கலை எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லாத கலை நிறுவனம் உலகில் இல்லை. நூதனசாலைகளின் திறப்பு விழா உரைகளிலும் ஆண்டறிக்கைகளிலும் இந்த வாசகம் ஏதோவொரு வடிவில் இடம்பெற்றே தீரும். சுவரில் தொங்குபவை யாருடைய படங்கள், அவற்றைத் தெரிவு செய்தவர் யார், எதை வாங்குவது என்று தீர்மானித்தவர் யார் என்று ஒருவர் உள்ளே நுழைந்து கேட்கும்போதுதான் வாசகத்துக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தூரம் வெளிப்படும்.

திருக்குறளில் வினைத்திட்பம் என்றோர் அதிகாரம் உண்டு. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தையே வள்ளுவர் அங்கு எடுத்துப் பேசுகிறார். அதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நியூயோர்க் நகரத்துக் கறுப்பின ஓவியர் சிலரின் வரலாறு எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. கலை நிறுவனங்கள் கொடுத்த வாக்கை எழுதி வைத்து, எண்ணிப் பார்த்து, கணக்குக் கேட்டவர்கள் அவர்கள். அந்த வரலாற்றையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

சுவர் யாருடையது?

ஹார்லம் என்பது நியூயோர்க்கின் மன்ஹற்றன் தீவின் வடபகுதி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ வழியின்றிப் புறப்பட்ட கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருந்தொகையாக வந்து குடியேறிய இடம். 1920களில் அங்கு தோன்றிய கலை இலக்கிய எழுச்சியை ஹார்லம் மறுமலர்ச்சி என்று இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். லாங்ஸ்ரன் ஹியூஸ், கவுண்டி கலன், ஸோரா நீல் ஹேர்ஸ்ரன் முதலிய எழுத்தாளர்களை நம்மிற் சிலர் மொழிபெயர்ப்பிலேனும் அறிந்திருப்போம். அவர்களுக்குச் சமமாக ஓவியத்திலும் சிற்பத்திலும் ஒரு பரம்பரை அங்கு வளர்ந்தது. நூலகச் சுவருக்கென 1934இல் பெரும் ஓவியங்களைத் தீட்டிய ஆரன் டக்ளஸ், 1939ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்குப் பெருஞ்சிற்பம் வடித்த ஒகஸ்ரா சவேஜ் என்ற பெண்மணி, ஹெயிற்றித் தீவின் விடுதலை வீரர் துசெயின் லூவெர்ச்சூரின் வாழ்வை 1938இல் ஓவியத் தொடராக்கிய ஜேக்கப் லோரன்ஸ் ஆகியோர் அந்தப் பரம்பரையினர்.

எழுத்தாளனுக்குப் பதிப்பகமும் வாசகனும் போதும். ஓவியனுக்கோ சுவர் வேண்டும். நியூயோர்க்கின் பெரிய சுவர்கள் யாவும் நூதனசாலைகளின் கையில் இருந்தன.

அவற்றுள் விற்னி நூதனசாலையின் பிறப்புக் கதை இவ்விடத்தில் அறியத்தக்கது. கேர்ற்றூட் வண்டர்பில்ற் விற்னி என்ற செல்வச் சீமாட்டி தாமும் ஒரு சிற்பி. தம் காலத்து அமெரிக்கக் கலைஞர்களின் படைப்புகளை ஆண்டுக்கணக்காக வாங்கிச் சேர்த்தவர். 1929இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தப் படைப்புகளை மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்கு நன்கொடையாகத் தர முன்வந்தார். மெற்றோபொலிற்றன் அதனை ஏற்க மறுத்துவிட்டது. உயிரோடிருக்கும் அமெரிக்கக் கலைஞருக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருக்கவில்லை. அதன் பின்னரே அவர் தனியாக ஒரு நூதனசாலை அமைத்தார். 1931இல் கிறீனிச் வில்லேஜ் பகுதியில் அது திறக்கப்பட்டது. புறக்கணிக்கப்பட்டவர்களுக்கென்றே எழுந்த கூடம் அது.

அந்தக் கூடமே 1968ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 1930களின் அமெரிக்க ஓவியமும் சிற்பமும் என்ற பொருளில் ஒரு கண்காட்சியை நடத்தியது. அதில் கறுப்பினக் கலைஞர் ஒருவர்தானும் இடம்பெறவில்லை. மேலே நாம் பார்த்த டக்ளஸ், சவேஜ், லோரன்ஸ் மூவரும் அந்த 1930களிலேயே இயங்கியவர்கள் என்பதை மனத்திற் கொண்டால் விடுபட்டது எவ்வளவு என்பது விளங்கும்.

நவம்பர் மாதத்தில் கலைஞர்கள் விற்னியின் வாசலில் சுலோக அட்டைகளோடு நின்றார்கள். அதே வேளை, ஹென்றி கென்ற் என்பவர் ‘கண்ணுக்குத் தெரியாத அமெரிக்கர்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1930களின் கறுப்பினக் கலைஞரின் படைப்புகளை ஒன்றுதிரட்டி ஒரு மறுகண்காட்சியை அமைத்தார். அது நடந்த இடம் ஹார்லம் ஸ்ரூடியோ நூதனசாலை. அவ்வாண்டு செப்டெம்பரில்தான் ஒரு வாடகை மாடியில் அது ஆரம்பிக்கப்பட்டிருந்தது. படைப்புகள் இருந்தன, படைத்தவர்கள் இருந்தார்கள், அவற்றைக் கண்டெடுக்கச் சில வாரங்களே போதுமாயிருந்தன. பெரிய நிறுவனத்துக்கு அவை கிடைக்காமற் போனது தேடாததால்தான் என்பது இதனால் நிரூபணமாயிற்று.

ஹார்லம் பற்றி, ஹார்லம் இல்லாமல்

இரண்டு மாதங்களுக்குள் அடுத்த நிகழ்வு. மெற்றோபொலிற்றன் நூதனசாலையின் பணிப்பாளர் தோமஸ் ஹோவிங் இளைஞர், புதுமை விரும்பி. நூதனசாலை நகர மக்கள் எல்லோருக்கும் உரியதாக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். அந்த எண்ணத்தோடு ஹார்லத்தைப் பற்றி ஒரு பெருங் கண்காட்சியை ஏற்பாடு செய்தார். ‘என் மனதில் ஹார்லம்’ என்பது அதன் தலைப்பு. அலன் ஷோனர் என்ற வெள்ளையரே பொறுப்பாளர். 1969 ஜனவரியில் அது திறக்கப்பட்டது.

உள்ளே சென்றவர்கள் பெரிதாக்கப்பட்ட புகைப்படங்களைக் கண்டார்கள், ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். ஹார்லத்து ஓவியம் ஒன்றில்லை, சிற்பம் ஒன்றில்லை. உலகத்து ஓவியங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் மாளிகை, ஹார்லத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஓவியத்தைக் கைவிட்டது. மற்றச் சமூகங்கள் கலையைப் படைப்பவை, ஹார்லமோ பார்க்கப்படவேண்டிய ஒரு காட்சி என்பது போன்ற பொருள் அதிலிருந்து தானாகவே வெளிப்பட்டது.

கண்காட்சிக்கு முதலில் துணைநின்ற ஹார்லம் கலாசாரக் கழகம், தங்கள் ஆலோசனை பொருட்படுத்தப்படவில்லை என்று கூறித் திறப்பு விழாவுக்கு முன்னரே விலகிக்கொண்டது. அதே ஜனவரியில் பெனி அன்ட்றூஸ், கிளிஃப் ஜோசெப், ஹென்றி கென்ற் முதலியோர் சேர்ந்து கறுப்பின அவசரகாலக் கலாசாரக் கூட்டணி என்ற அமைப்பை உருவாக்கி, மெற்றோபொலிற்றன் முன்றலில் எதிர்ப்பு நடத்தினார்கள். கண்காட்சி நூலின் முன்னுரையில் யூத மக்களைப் புண்படுத்தும் வரிகள் இருந்தன என்ற சர்ச்சை வேறாக எழுந்து, அந்நூல் மீளப்பெறப்பட்டது.

ஒரு நன்மையை மறைத்துவிட முடியாது. ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்ற முதிய புகைப்படக் கலைஞர் ஹார்லத்தில் பல்லாண்டுகளாக நிழற்படக் கூடம் நடத்தியவர். உலகம் அறியாதிருந்த அவருடைய படங்கள் இக்கண்காட்சியின் மூலமே வெளிச்சத்துக்கு வந்தன. அப்போது அவருக்கு வயது 82. அந்த 1969ஆம் ஆண்டிலேயே அவரும் மனைவியும் தங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். படங்கள் மாளிகைக்குள் இருக்க, படம் எடுத்தவர் தெருவில் நின்ற நிலை அது.

ஐந்து கோரிக்கைகள்

பெனி அன்ட்றூஸ் ஜோர்ஜியா மாநிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பத்தில் 1930இல் பிறந்தவர். விளைந்ததில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை நில உரிமையாளரின் கணக்குப் புத்தகம் தீர்மானிக்கும் உலகம் அது. எழுத்திலும் எண்ணிலும் இல்லாத வாக்குக்குப் பெறுமதி இல்லை என்பதை யாரும் அவருக்குக் கற்பிக்கவேண்டியிருந்திராது.

1969இல் கூட்டணியினர் விற்னியின் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தையில் இறங்கியபோது, எங்களை மதியுங்கள் என்று பொதுப்படக் கேட்கவில்லை. கறுப்பினக் கலைஞரின் பெருங் கண்காட்சி ஒன்று நடத்தவேண்டும். அவர்களது படைப்புகளை வாங்க ஒரு நிதி அமைக்கவேண்டும். ஆண்டுதோறும் சிறிய மண்டபத்தில் தனிநபர் கண்காட்சிகளுக்கு இடம் தரவேண்டும். நூதனசாலையின் வருடாந்தக் கண்காட்சியில் கூடுதலானோரைச் சேர்க்கவேண்டும். கறுப்பினக் கலை வல்லுநரைக் கலந்தாலோசிக்கவேண்டும். இவையே அவர்கள் வைத்த ஐந்து கோரிக்கைகள். இவற்றில் ஒவ்வொன்றும் நடந்ததா, இல்லையா என்று பின்னர் சோதித்துப் பார்க்கக்கூடியது. அதுவே இக்கோரிக்கைகளின் சிறப்பு.

விற்னி இணங்கியது. சில காரியங்கள் நடக்கவும் செய்தன. 1970இல் சிற்பி மெல்வின் எட்வேர்ட்ஸின் தனிக் கண்காட்சி நடைபெற்றது. 1972இல் வாஷிங்ரனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியையான அல்மா தோமஸின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. விற்னியில் தனிக் கண்காட்சி பெற்ற முதலாவது கறுப்பினப் பெண்மணி அவர். அப்போது அவருக்கு 80 வயது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்து எண்பதாவது வயதில் வாசல் திறக்கப்படுவது பெருமைக்குரியதா, வருந்தத்தக்கதா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

முக்கியமான கோரிக்கை ஐந்தாவது. அங்கேதான் வாக்கு முறிந்தது. வாக்களித்த பெருங் கண்காட்சி ‘அமெரிக்காவில் சமகாலக் கறுப்பினக் கலைஞர்’ என்ற பெயரில் 1971 ஏப்ரலில் நடைபெற ஏற்பாடாயிற்று. கலைஞரைத் தெரிவு செய்தவர் நூதனசாலையின் உத்தியோகத்தரான ரொபேர்ட் டோட்டி என்ற வெள்ளையர். கறுப்பின வல்லுநர்கள் முறையாகச் சேர்க்கப்படவில்லை என்று கூட்டணி குற்றஞ்சாட்டியது. தெரிவு என்பது தங்கள் உத்தியோகத்தரின் பொறுப்பு, அதனை வெளியாருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்பது நூதனசாலையின் நிலைப்பாடு. கூட்டணி பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது.

விலகியோரும் நின்றோரும்

இந்த இடத்தில்தான் வரலாறு மனிதர்களின் நெஞ்சைத் தொடுகிறது. அழைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 75 கலைஞர்கள். விற்னியில் ஒரு படம் தொங்குவது என்பது கலைஞனின் வாழ்வையே மாற்றக்கூடியது. விமர்சகர்கள் எழுதுவார்கள், விற்பனைக் கூடங்கள் தேடிவரும், கல்லூரிகளில் ஆசிரியப் பதவி கிடைக்கும். அந்த அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா விடுவதா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

15 பேர் விலகினார்கள். சாம் கில்லியம், வில்லியம் ரி. வில்லியம்ஸ், ரிச்சர்ட் ஹண்ட் ஆகியோர் அவர்களுட் சிலர். ஓராண்டுக்கு முன் அதே விற்னியில் தனிக் கண்காட்சி பெற்ற மெல்வின் எட்வேர்ட்ஸும் விலகினார். தனக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது, இனி எனக்கென்ன என்று அவர் இருக்கவில்லை.

எஞ்சியோர் கலந்துகொண்டார்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைமுறைகளாக மூடியிருந்த கதவு திறக்கும்போது, திறந்த முறை சரியில்லை என்பதற்காக உள்ளே போகாமல் இருக்க எல்லோராலும் இயலாது. என் படத்தை மக்கள் பார்க்கவேண்டும், மற்றவை பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எண்ணினால் அதுவும் நியாயமே. இந்த இரு நியாயங்களுக்கும் இடையே தோழர்களைப் பிரித்து நிறுத்தியது நிறுவனம் காப்பாற்றாத ஒரு வாக்கு. வாக்கு முறிவதால் வரும் சேதம் இதுதான். வாக்குக் கொடுத்தவருக்கு ஒரு கண்காட்சி மட்டுமே சற்றுக் குழம்பியது. வாக்கை நம்பியவர்களோ தங்களுக்குள்ளேயே பிரிந்து நின்றார்கள்.

விலகியோரும் ஆதரவாளரும் சும்மா இருக்கவில்லை. அக்ற்ஸ் ஒவ் ஆர்ட் என்ற சிறிய கூடத்தில் விற்னிக்கு மறுப்பு என்று பெயரிட்டே ஒரு கண்காட்சியை அதே காலத்தில் நடத்தினார்கள். அக்கூடம் இருந்த இடம் கிறீனிச் வில்லேஜ். நாற்பது ஆண்டுகளுக்கு முன் விற்னி பிறந்த பகுதியும் அதுவே.

எண்ணிக்கை என்னும் ஆயுதம்

இதே காலத்தில் பெண் கலைஞரும் கணக்குக் கேட்கத் தொடங்கினர். விற்னியின் 1969ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பங்குபெற்ற 143 பேரில் பெண்கள் 8 பேர் மட்டுமே. அடுத்த ஆண்டில் சரிபாதி வேண்டும் என்று கோரிப் பெயித் றிங்கோல்ட், லூசி லிப்பார்ட், பொப்பி ஜோன்சன், பிரெண்டா மில்லர் ஆகியோர் போராடினர். நூதனசாலையின் படிகளிலும் மூலைகளிலும் முட்டைகளை வைத்தார்கள், மண்டபத்துக்குள் விசில் ஊதினார்கள். 1970இல் பெண்களின் பங்கு 22 வீதமாக உயர்ந்தது. பெட்டி சார், பார்பரா சேஸ் றிபூ ஆகிய இரு கறுப்பினப் பெண்கள் முதன்முறையாக அந்தக் கண்காட்சியில் இடம்பெற்றனர். பாதி கிடைக்கவில்லை. ஆனால் எட்டுப் பேருக்கு மேல் தகுதியுள்ள பெண்கள் இல்லை என்ற பேச்சு ஒரே ஆண்டில் பொய்யாகிவிட்டது.

1985இல் கொரில்லாக் குரங்கு முகமூடி அணிந்து கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெயரில் புறப்பட்ட பெண் கலைஞர் குழு இந்த எண்ணும் வேலையை ஒரு கலையாகவே ஆக்கியது. அவர்கள் 1989இல் மெற்றோபொலிற்றனின் நவீன கலைப் பகுதியை எண்ணிப் பார்த்து, கலைஞருள் பெண்கள் 5 வீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களிலோ 85 வீதம் பெண்கள் என்று சுவரொட்டி வெளியிட்டார்கள். சுவரொட்டியோடு விட்டுவிடவில்லை. 2005இல் திரும்பப் போய் எண்ணினார்கள்: பெண் கலைஞர் 3 வீதம். 2012இல் மீண்டும் எண்ணினார்கள்: 4 வீதம். இருபத்து மூன்று ஆண்டுகளில் எவ்வளவோ அறிக்கைகள் வந்திருக்கும். எண் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது.

2019இல் அமெரிக்காவின் 18 பெரிய நூதனசாலைகளின் சேகரிப்புகளை ஆராய்ச்சியாளர் கணக்கிட்டபோதும், அவற்றிலுள்ள கலைஞருள் 85 வீதத்தினர் வெள்ளையர், 87 வீதத்தினர் ஆண்கள் என்று தெரியவந்தது.

எது நிலைக்கிறது?

அப்படியானால் அந்தப் போராட்டங்கள் வீணா? அல்ல. 1972இல் மெற்றோபொலிற்றனில் பணிக்குச் சேர்ந்த லோரி ஸ்ரோக்ஸ் சிம்ஸ் அங்கே முதலாவது கறுப்பினக் கண்காட்சிப் பொறுப்பாளரானார். பின்னர் 2000ஆம் ஆண்டில் ஹார்லம் ஸ்ரூடியோ நூதனசாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வாசலில் நின்று கணக்குக் கேட்ட பெனி அன்ட்றூஸ் 1982 முதல் 1984 வரை அமெரிக்க அரசின் கலை நிதியத்தில் காண்பியக் கலைப் பிரிவின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். 2021இல் மெற்றோபொலிற்றனும் ஹார்லம் ஸ்ரூடியோ நூதனசாலையும் இணைந்து வான் டெர் ஸீயின் படைப்புகளைப் பேணும் பொறுப்பை ஏற்றன. 2024இல் மெற்றோபொலிற்றனில் ஹார்லம் மறுமலர்ச்சி பற்றிய பெருங் கண்காட்சி நடந்தது. டெனிஸ் மரெல் என்ற கறுப்பினப் பெண்மணி அதன் பொறுப்பாளர். ஓவியங்களும் சிற்பங்களும் புகைப்படங்களுமாக ஏறத்தாழ 160 படைப்புகள். 1969இல் விட்ட பிழையைத் திருத்த அந்த நிறுவனத்துக்கு 55 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மறுபக்கமும் உண்டு. 2020இல் இனவாதத்துக்கு எதிரான பேரெழுச்சி அமெரிக்காவில் ஏற்பட்டபோது நூதனசாலைகள் போட்டி போட்டுக்கொண்டு அறிக்கை வெளியிட்டன. அதே ஆகஸ்டில் விற்னி ஒரு கண்காட்சியைத் திறக்காமலே கைவிட நேர்ந்தது. நற்பணிக்கு நிதி திரட்டுவதற்காகக் கறுப்பினக் கலைஞர் குறைந்த விலையில் விற்ற படைப்புகளை வாங்கி, அவர்களைக் கேளாமலே காட்சிக்குத் திட்டமிட்டிருந்தது என்பதே எழுந்த குற்றச்சாட்டு. 1971இல் கேட்கப்பட்ட அதே கேள்வி: எங்களைப் பற்றி எங்களோடு பேசினீர்களா?

2025 ஜனவரியில் அரசாங்கத்தின் கொள்கை மாறியதும், வாஷிங்ரனிலுள்ள தேசிய ஓவியக்கூடமும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் பல்வகைமைக்கென வைத்திருந்த அலுவலகங்களை மூடிவிட்டன. அறிக்கையாலும் அலுவலகத்தாலும் காட்டப்பட்ட அக்கறை சில நாட்களில் மறைந்தது. அதே ஆண்டு நவம்பரில், வாடகை மாடியில் தொடங்கிய ஹார்லம் ஸ்ரூடியோ நூதனசாலை தன் புதிய சொந்தக் கட்டிடத்தைத் திறந்தது.

இந்த இரு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது 1969இல் வைக்கப்பட்ட அந்த ஐந்து கோரிக்கைகளின் தூரநோக்கு எனக்குப் புரிகிறது. கண்காட்சி வந்து போகும். அலுவலகத்தைத் திறக்கலாம், மூடலாம். விலைகொடுத்து வாங்கிச் சேகரிப்பில் பதிந்த ஓவியம் ஆட்சி மாறினாலும் அங்கேயே இருக்கும். தெரிவுக் குழுவில் அமர்ந்த ஒருவர் அடுத்தவருக்கு வழிவிட்டுச் செல்வார். அன்ட்றூஸும் தோழர்களும் கேட்டவற்றுள் வாங்கும் நிதியும் கலந்தாலோசனையும் இருந்தமை தற்செயலானதல்ல. எளிதில் மீளப்பெற முடியாதவற்றை அவர்கள் அறிந்து கேட்டார்கள்.

பெரிய நூதனசாலையாயினும் சின்னஞ்சிறு கலைமன்றமாயினும், எல்லோருக்கும் இடமுண்டு என்று அறிவிக்கும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் அதிகமில்லை. எத்தனை பேர், எந்த ஆண்டுக்குள், தெரிவு செய்வது யார், வாங்குவதற்குப் பணம் எங்கே? பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் போய் எண்ணிப் பார்க்கவேண்டும். நியூயோர்க்கின் ஓவியர்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இந்த அலுப்பான வேலையைச் செய்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் தீட்டாமல் விட்ட ஓவியங்களும் அந்த வாக்குறுதிகளுக்குக் கொடுக்கப்பட்ட விலையே.